ஜீப்பை உயர்த்தும் முன்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி, பேசிக்கொண்டே குடிக்கலாம். 2013 மாடல் மஹிந்திரா தார், சி.ஆர்.டி.இ. இன்ஜின், நாலு வீல் டிரைவ், சேஸிஸில் துரு அதிகமில்லை என்றால் நல்ல வண்டிதான் வாங்கியிருக்கிறீர்கள். உங்கள் பட்டியலையும் பார்த்தேன்: 31 அங்குல டயர், இரண்டு அங்குலம் தூக்கல், முன்னால் இரும்பு பம்பர், கூரை மேல் விளக்கு வரிசை. இந்த வரிசையில் போனால், கையிலிருக்கும் பணம் தீர்ந்த பிறகுதான் வண்டி என்னவென்றே உங்களுக்குப் புரியும். பட்டியல் பையிலேயே இருக்கட்டும். வண்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

இது பழைய வம்சத்தில் வந்த வண்டி. மஹிந்திரா 1947-ல் வில்லிஸ் ஜீப்பில் தொடங்கினார்கள். அந்த வரிசையின் தொடர்ச்சியாக 2010-ல் வந்தது உங்கள் தார். 2020-ல் வந்த புதிய தார் முற்றிலும் வேறு வண்டி. அது உருவானது நம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில்தான், மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் உள்ள ஆராய்ச்சி மையத்தில். புதிய வண்டிக்குச் செய்வதைப் பார்த்து உங்கள் வண்டிக்கும் செய்யாதீர்கள் என்பதற்காக இந்த வித்தியாசத்தைச் சொல்கிறேன்.

கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன லீவர் இருக்கிறதே, உங்கள் வண்டியின் உயிர் அதுதான். 2H-ல் பின்சக்கரம் மட்டும் இழுக்கும். 4H-ல் நான்கும் இழுக்கும். 4L-ல் நான்கும் இழுப்பதோடு, வேகம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறைந்து அதே அளவுக்கு இழுவை கூடும். புதிதாக வாங்கியவர்கள் பலர் ஒரு மழை தூறினாலே ஊருக்குள் 4H போட்டு ஓட்டுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நம்மூர் மூங்கில் மண்டபம் சந்திப்பில் திரும்புகிறீர்கள் என்று வையுங்கள். முன்சக்கரங்கள் பெரிய வட்டம் போடும், பின்சக்கரங்கள் சின்ன வட்டம் போடும். அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்ள முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் உங்கள் வண்டியில் டிஃபரன்ஷியல் கிடையாது. மணலிலும் சேற்றிலும் டயர் கொஞ்சம் வழுக்கிச் சமாளித்துவிடும். காய்ந்த ரோட்டில் வழுக்க முடியாது, அதனால் அந்த முறுக்கம் முழுவதும் கியருக்கும் ஷாஃப்டுக்கும் போகிறது. ஸ்டீரிங் கனக்கும், திரும்பும்போது வண்டி இடிக்கும். அப்போதே 2H-க்கு வந்துவிட வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நாலு வீல் டிரைவ் என்றாலும் நான்கு சக்கரமும் எப்போதும் சேர்ந்து இழுக்காது. ஒவ்வொரு அச்சிலும் உள்ள சாதாரண டிஃபரன்ஷியல், எந்தச் சக்கரம் லேசாகச் சுற்றுகிறதோ அதற்கே சுற்றலைக் கொடுத்துவிடும். ஒரு முன்சக்கரமும் ஒரு பின்சக்கரமும் பிடி இழந்தால் அவை இரண்டும் சுற்றிக்கொண்டே இருக்கும், வண்டி நின்ற இடத்தில் நிற்கும். 2015-ல் வந்த மாற்றத்தில்தான் பின் அச்சுக்கு மெக்கானிக்கல் லாக் கொடுத்தார்கள். உங்களுடையது அதற்கு முந்தியது. எனவே சக்கரம் தரையை விட்டு எழாத வழியைத் தேர்ந்து ஓட்டப் பழக வேண்டும். அந்தப் பழக்கம் எந்தக் கடையிலும் கிடைக்காது.

இனி டயர். கம்பெனி கொடுத்தது 235/70 R16. கணக்குப் போட்டால் விட்டம் சுமார் 735 மி.மீ. 31 அங்குலம் என்பது 787 மி.மீ. நூற்றுக்கு ஏழு கூடுகிறது. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 64-ல் போகும். இன்ஜின் தரும் இழுவை மாறவில்லை, ஆனால் பெரிய சக்கரத்தின் விளிம்புக்கு வந்து சேரும்போது அதில் ஏறத்தாழ ஏழு சதவீதம் குறைந்திருக்கும். பிரேக்குக்கும் அதே கணக்குதான். உங்கள் வண்டியில் ஏ.பி.எஸ். இல்லை என்பதையும் சேர்த்து யோசியுங்கள். இவ்வளவுக்கும் அச்சு உயர்வது எவ்வளவு? கூடிய விட்டத்தில் பாதி, அதாவது 26 மி.மீ. உங்கள் கட்டைவிரல் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

தூக்கல் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள், பணத்தை அதிகம் தின்பது இதுதான். உங்கள் வண்டியில் பின்னால் பட்டை ஸ்பிரிங், முன்னால் டார்ஷன் பார். டார்ஷன் பார் என்பது சேஸிஸோடு நீளவாக்கில் கிடக்கும் ஒரு இரும்புக் கம்பி. சக்கரம் மேலே போகும்போது அது முறுகிப் பாரத்தைத் தாங்குகிறது. அதன் கடைசியில் ஒரு போல்ட் உண்டு. அதை முறுக்கினால் வண்டியின் மூக்கு உயரும். அரை மணி நேர வேலை, செலவும் குறைவு என்பதால் பட்டறையில் உடனே சம்மதிப்பார்கள். ஆனால் போல்ட்டை முறுக்குவதால் சஸ்பென்ஷனின் ஓட்டம் கூடுவதில்லை. சக்கரம் கீழே இறங்குவதற்கு வைத்திருந்த இடத்தைத் தின்றுதான் மூக்கு உயர்கிறது. அப்புறம் பள்ளத்தில் சக்கரம் இறங்காமல் அந்தரத்தில் தொங்கும், நான் இப்போது சொன்ன டிஃபரன்ஷியல் கதை ஆரம்பித்துவிடும். முன் ஆக்ஸில் ஜாயின்ட்கள் எப்போதும் சாய்வாகவே சுற்றி, ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் போய் மண் புகும். அலைன்மென்ட் கெட்டு டயர் ஒரு ஓரமாகத் தேயும். முன்னால் தூக்கியதற்கு ஈடாகப் பின்னால் நீளமான ஷேக்கிள் போட்டால் ஷாஃப்டின் கோணம் மாறி அதிர்வு வரும். தறியில் பாவை ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் துணி என்னவாகும் என்று நெசவாளர் தெருவான பிள்ளையார்பாளையத்துப் பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போடிநாயக்கனூரிலிருந்து மலையேறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளைப் பாருங்கள். அந்த வேலை ஜீப்புகள் பார்வைக்குச் சாதாரணமாக இருக்கும். பழைய ஜீப்புகளுக்கு வந்த 6.00-16 டயர் ஒல்லியானது. சேற்றில் அகல டயர் மேலேயே மிதந்து வழுக்கும்போது, ஒல்லி டயர் சேற்றைக் கீறிக்கொண்டு அடியில் உள்ள கெட்டித் தரையைப் பிடித்துவிடும். மணலில் நிலைமை நேர்மாறு, அங்கே அகலம் வேண்டும். அந்த அகலத்தைக் காற்றை இறக்கியே வாங்கிவிடலாம். ரோட்டில் 30 பி.எஸ்.ஐ. வைக்கிறீர்கள் என்றால் மணலில் 18-க்கு இறக்குங்கள். டயர் தரையில் படியும் நீளம் கூடி வண்டி புதையாமல் போகும். 15-க்குக் கீழே போனால், திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். மறுபடி ரோட்டுக்கு வந்ததும் காற்றடித்துவிட்டுத்தான் வேகம் எடுக்க வேண்டும், இல்லையென்றால் டயர் சூடேறிக் கிழியும். அதனால் நான் முதலில் வாங்கச் சொல்வது, பேட்டரியில் ஓடும் ஒரு காற்று கம்ப்ரஸரும் நல்ல பிரஷர் கேஜும்தான். அடுத்ததாக, கம்பெனி சொன்ன அதே அளவில் ஆல்-டெரெய்ன் டயர்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நம்மூரிலிருந்து ஒரகடம் போனால் அங்கே குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் இருக்கிறது, மத்திய அரசின் வாகனச் சோதனை மையம். ஒரு மாடல் விற்பனைக்கு வருமுன் இப்படிப்பட்ட மையங்களில் பிரேக், விளக்கு, புகை எல்லாவற்றையும் சோதித்துச் சான்று தருகிறார்கள். அந்தச் சான்று வண்டி அப்போது இருந்த நிலைக்குத்தான். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை விளக்கி, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முன்னால் இரும்பு பம்பர் வேண்டாம் என்பதற்குச் சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று எனக்கு உண்டு. அதில் அடிபடப்போவது நம் தெருவில் சைக்கிளில் போகிறவர்.

அப்படியானால் ஆசைக்கு என்னதான் செய்வது என்கிறீர்கள். நிறையச் செய்யலாம். சீட்டைப் பிரித்து நல்ல ஃபோம் வைத்துத் தைக்கலாம். கேன்வாஸ் கூரையை நம்மூர் தையல்காரரிடம் கொடுத்து, மழை ஒழுகாத மடிப்போடு, பிடித்த நிறத்தில் புதிதாகப் போடலாம். பின்னால் கருவிப் பெட்டி, தண்ணீர் கேன், இழுக்கும் கயிறு எல்லாம் ஆடாமல் உட்காரத் தட்டு அடிக்கலாம். சேஸிஸைச் சுரண்டி, துருவுக்கு பிரைமர் அடித்து, நிதானமாகப் பெயின்ட் செய்யலாம். நீங்கள் தினமும் தொட்டுப் பார்க்கப்போகும் இடங்கள் இவைதான். வண்டி உங்களுடையது ஆவதும் இந்த வேலைகளில்தான்.

எங்கே ஓட்டுவது என்று கேட்டால், செவிலிமேடு பாலத்துக்குக் கீழே மணல் கிடக்கிறதே என்பீர்கள். வேண்டாம் தம்பி. பாலாற்றில் மணல் மிஞ்சியிருப்பதே கொஞ்சம், ஊருக்குக் குடிநீர் அந்த மணலுக்கு அடியில்தான் இருக்கிறது. ஏரிக்கரை மேலும் ஏற்றாதீர்கள். டயர் கீறிய தடத்தில் மழைத்தண்ணீர் இறங்கித்தான் கரை அரிக்கத் தொடங்கும். தெரிந்தவர் யாருடைய தரிசு நிலத்திலாவது கேட்டு அனுமதி வாங்கி, முதல் சில வாரம் 4L-ல் முதல் கியரில், ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் வண்டி தானாக நகர்வதை மட்டும் பழகுங்கள். நடுவில் எங்காவது சக்கரம் மூழ்கும் அளவு தண்ணீரில் இறங்கிவிட்டால், வீட்டுக்கு வந்து வண்டி ஆறியதும் முன் பின் டிஃபரன்ஷியல் நட்டைத் திறந்து ஆயிலை விரலில் தொட்டுப் பாருங்கள். வெளுத்து நுரைத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, அன்றைக்கே மாற்றுங்கள்.