பழைய எக்ஸ்பியில் பெரிய ஹார்ட் டிஸ்க்: மாட்டும் முன் கவனியுங்கள்

பழைய கம்ப்யூட்டர் ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறதா? அதில் விண்டோஸ் எக்ஸ்பி இருந்தால், பெரிய ஹார்ட் டிஸ்க் மாட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் இது தெரியாமல் மாட்டி, படங்களை இழந்தேன்.

என்னுடைய ஸ்கேனர் எக்ஸ்பியில்தான் வேலை செய்யும். அதற்காகவே பழைய கம்ப்யூட்டரை வைத்திருக்கிறேன். குடும்பப் படங்களைச் சேமிக்க 160 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றைப் புதிய கம்ப்யூட்டரில் ஒரே பார்ட்டிஷனாக பார்மட் செய்து, பழையதில் இணைத்தேன். முதலில் பிரச்சினை இல்லை. டிஸ்க் நிறைய நிறைய, சில போல்டர்கள் திறக்க மறுத்தன. ஒரு நாள், அந்த டிரைவை பார்மட் செய்யவா என்று கேட்டது விண்டோஸ்!

காரணம் இதுதான். ஹார்ட் டிஸ்க்கில் ஒவ்வொரு செக்டாருக்கும் ஓர் எண் உண்டு. 2001-ல் வந்த முதல் எக்ஸ்பி இந்த எண்ணை 28 பிட்டில் எழுதும். அதில் 26,84,35,456 செக்டார்களைத்தான் குறிக்க முடியும். செக்டாருக்கு 512 பைட் என்றால் மொத்தம் சுமார் 137 ஜிபி. இதையே விண்டோஸ் தன் கணக்கில் 128 ஜிபி என்று காட்டும்.

பழைய ஸ்கூட்டர் மீட்டர் 99999-ஐத் தாண்டினால் மறுபடி 00000-க்கு வரும் அல்லவா? அதுபோல எல்லையைத் தாண்டிய எண்ணின் மேற்பகுதி வெட்டுப்பட்டால், புதிய பைல் டிஸ்க்கின் தொடக்கத்தில் போய் எழுதப்படும். பூட் செக்டார் போன்ற முக்கிய விவரங்கள் இருக்கும் இடம் அது.

2002-ல் வந்த சர்வீஸ் பேக் 1, இந்த எண்ணை 48 பிட்டாக்கியது. எனவே இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. மை கம்ப்யூட்டரில் ரைட் க்ளிக் செய்து பிராபர்ட்டீஸ் திறந்து, சர்வீஸ் பேக் எண்ணைப் பாருங்கள்.

2. எண் எதுவும் இல்லையென்றால் சர்வீஸ் பேக் 2-ஐ நேரடியாகவே நிறுவலாம். 3-ஐ நிறுவ, 1 அல்லது 2 ஏற்கெனவே இருக்க வேண்டும். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014-ல் முடிந்துவிட்டதால், இந்தக் கம்ப்யூட்டரை இன்டர்நெட்டில் இணைக்காமல் சிடி மூலம் நிறுவுவதே நல்லது.

3. மதர்போர்டின் பயாஸும் டிஸ்க்கின் முழு அளவைக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

4. பிறகு மேனேஜ், டிஸ்க் மேனேஜ்மென்ட் சென்று பார்ட்டிஷன் உருவாக்குங்கள்.

பழைய எக்ஸ்பி சிடியில் இருந்து புதிதாக இன்ஸ்டால் செய்பவர்கள், சி டிரைவை 100 ஜிபிக்குள் அமைத்து, சர்வீஸ் பேக் நிறுவிய பிறகே மீதி இடத்தைத் தொடுங்கள்.

ஏற்கெனவே இப்படி மாட்டிவிட்டீர்களா? இனி எதையும் அதில் எழுதாதீர்கள். டிஸ்க்கைக் கழற்றி, புதிய கம்ப்யூட்டரில் இணைத்து, படிக்க முடிகிற பைல்களை முதலில் காப்பி செய்யுங்கள்.

எங்கள் ஆல்பத்தில் இருந்த படங்களை மறுபடி ஸ்கேன் செய்துவிட்டேன். உறவினர்களிடம் இரவல் வாங்கி ஸ்கேன் செய்தவற்றுக்காக மீண்டும் ஒவ்வொரு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.