சிலம்பை உடைக்க வேண்டிய நேரம்

பாண்டியன் அவையிலே கண்ணகி சிலம்பை உடைத்தாள். அரசியின் சிலம்பிலே முத்து. அவள் சிலம்பிலே மாணிக்கம்! உண்மை உருண்டோடி வந்தது. ஆனால் எப்போது வந்தது? கோவலன் வெட்டுண்டு வீழ்ந்த பிறகு! தண்டனைக்கு முன்பே சிலம்பைச் சோதித்திருந்தால், கோவலனும் பிழைத்திருப்பான்; கொற்றவனும் பிழைத்திருப்பான்.

புகார் நகரத்துப் பெண்ணின் கதையை ஒரத்தநாட்டு உழவர்களுக்கு ஏன் நினைவூட்டுகிறோம்? பொய்ச் சான்றை எப்போது எதிர்த்தாய் என்ற கேள்வி, இன்றும் கோர்ட்டிலே ஏழையின் தலைவிதியை எழுதுகிறது!

குத்தகைச் சாகுபடி செய்யும் தோழர் ஒருவர் மீது வழக்கு என்று வைத்துக்கொள்வோம். நிலத்தை விட்டுக்கொடுத்ததாக அவர் எழுதித் தந்தாராம்! ஜெராக்ஸ் நகலை நீட்டுகிறது எதிர்த்தரப்பு. அசல் எங்கே? கேட்பாரில்லை. நகலுக்கு எண் விழுகிறது, சான்றாவணம் ஆகிறது. தோற்ற பிறகு, "அசல் வரவில்லையே!" என்று அப்பீலிலே அலறினால் என்ன ஆகும்?

விசுவேசுவரசுவாமி கோயில் ஒரு தரப்பாக நின்ற தமிழ்நாட்டு வழக்கிலே, 2003ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு இதற்கு விடை சொன்னது. ஆட்சேபணை இருவகை. சட்டமே ஏற்காத ஆவணமா? எண் விழுந்திருந்தாலும் அப்பீலில் எதிர்க்கலாம். ஆவணம் ஏற்கத்தக்கது, நிரூபித்த முறைதான் கோணலா? நீட்டிய அப்போதே எதிர்க்க வேண்டும். ஏன்? அப்போதே சொன்னால், நீட்டியவர் அசலைத் தந்து குறையைத் தீர்க்கலாம். பேசாதிருந்தால், அந்த உரிமையைக் கைவிட்டதாகப் பொருள்!

"நீதிபதி உடனே முடிவு சொல்லவில்லையே" என்று சோர வேண்டாம். குஜராத் வழக்கொன்றிலே 2001இல் சுப்ரீம் கோர்ட்டு வழி காட்டியது: ஆட்சேபணையைக் குறித்துக்கொண்டு விசாரணை நடக்கட்டும், இறுதித் தீர்ப்பிலே முடிவு செய்யட்டும். முத்திரைத் தீர்வை பற்றிய ஆட்சேபணைக்கு மட்டும் அங்கேயே முடிவு வேண்டும்.

இன்னொன்று. பிழையைக் காட்டியதுமே தீர்ப்பு கவிழ்ந்துவிடாது! 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 167ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்திலே 169ஆம் பிரிவாக நிற்கிறது. தவறான சான்றைத் தள்ளிய பிறகும், தீர்ப்பைத் தாங்கப் போதிய சான்று மிஞ்சினால், தீர்ப்பு நிற்கும். மதுரைக்கு இரண்டாம் அப்பீல் போனாலோ, முக்கியமான சட்டக் கேள்வி இருந்தாக வேண்டும். வண்டிச் செலவு மட்டும் வழக்கை வெல்லாது!

ஆகவே, தோழர்களே! வாய்தாவன்று வாசலிலே வேப்பமர நிழலில் நிற்காதீர், உள்ளே நில்லுங்கள். ஒவ்வொரு தாளும் நீட்டப்படும்போது வக்கீலைக் கேளுங்கள்: "அசல் எங்கே? கையெழுத்திட்டதைக் கண்ட சாட்சி யார்? நம் ஆட்சேபணை குறிப்பில் ஏறியதா?" வக்கீல் வைக்க வசதியில்லையா? 1987ஆம் ஆண்டுச் சட்டம், பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளருக்கும், வருமானம் குறைந்தோருக்கும் இலவச சட்ட உதவியை உரிமையாக்கியிருக்கிறது. அதைக் கேட்டுப் பெறுவது பிச்சையல்ல!

களத்திலே நெல்லைத் தூற்றாமல் பதரோடு மூட்டை கட்டுவோமா? கோர்ட்டும் ஒரு களம். தூற்ற வேண்டியது காற்றுள்ள அப்போதே!