டயரில் காற்று எவ்வளவு?

நெடுஞ்சாலை ஓரத் தேநீர்க் கடையில் லாரி ஒன்று வந்து நிற்கிறது. ஓட்டுநர் தேநீருக்குச் சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்காருகிறார். கிளீனரோ ஓர் இரும்புத் தடியுடன் இறங்கி, லாரியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்க்கிறார். இந்தக் காட்சியை நீங்கள் கண்டிருக்கலாம். காற்று நிறைந்த டயரில் பட்ட தடி துள்ளித் திரும்பும்; ஒலி கணீரென்று இருக்கும். காற்று போன டயர் 'தொப்'பென்று மந்தமாக ஒலிக்கும். லாரியின் பின்புறத்தில் டயர்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கின்றன அல்லவா? அவற்றில் உட்புற டயர் காற்றை இழந்துவிட்டால் வெளியிலிருந்து தெரியாது. பக்கத்து டயர் அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு ஓடும். ஆகவே தடியால் தட்டுவது வீண் வேலையன்று. ஆனால் அழுத்தம் கால் பங்கு மட்டும் குறைந்திருக்கும் டயரை இந்த முறையில் கண்டுபிடிப்பது கடினம்.

தடியின் வேலையைச் செய்ய இப்போது பல கார்களில் ஒரு கருவி பொருத்தப்படுகிறது. ஓட்டுநருக்கு எதிரே, குதிரை லாடம் போன்ற உருவத்துக்குள் ஓர் ஆச்சரியக் குறியுடன் சிறு விளக்கு எரிந்தால், ஏதோ ஒரு டயரில் காற்று குறைந்துவிட்டது என்று பொருள். இந்த விளக்குக்கு எப்படித் தெரிகிறது? ஓட்டுநருக்கு இது உண்மையில் தேவைதானா?

முதலில், டயரில் காற்று என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். 1,200 கிலோகிராம் எடையுள்ள கார் ஒன்றில் ஒவ்வொரு சக்கரத்தின்மீதும் சுமார் 300 கிலோகிராம் பாரம் விழுகிறது. டயரில் சதுர அங்குலத்துக்கு 33 பவுண்டு அழுத்தம் இருப்பதாகக் கொள்வோம். இது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.3 கிலோகிராம். 300ஐ 2.3ஆல் வகுத்தால் 130 சதுர சென்டிமீட்டர் வருகிறது. டயரின் ஒரு சிறு பகுதி, கிட்டத்தட்ட ஓர் அஞ்சலட்டையின் பரப்பு, தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது! நான்கு அஞ்சலட்டைகளின் மேல்தான் முழுக் காரும் நிற்கிறது. அழுத்தம் குறைந்தால் இந்தப் பரப்பு பெருகவேண்டும். அதற்காக டயர் சப்பையாகிறது. டயரின் ரப்பருக்கும் ஓரளவு விறைப்பு உண்டு என்பதால் கணக்கு இம்மியளவும் பிசகாமல் அப்படியே பொருந்தாது. ஆயினும் நடப்பது இதுதான்.

சப்பையானால் என்ன கெடுதி? ஓர் இரும்புக் கம்பியை ஒரே இடத்தில் பலமுறை மடக்கி நிமிர்த்துங்கள். மடங்கும் இடத்தைத் தொட்டுப் பார்த்தால் சுடும். டயரின் கதியும் இதுவே. நடுத்தரக் கார் ஒன்று மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 550 முறை சுற்றுகிறது. அதாவது, டயரின் ஒவ்வொரு பகுதியும் வினாடிக்கு ஒன்பது முறை தரையில் பட்டு நசுங்கி, மீண்டும் நிமிர்கிறது. நசுக்கச் செலவான ஆற்றல் முழுவதும் நிமிரும்போது திரும்பக் கிடைப்பதில்லை. ஒரு பங்கு வெப்பமாகிவிடுகிறது. காற்று குறைந்த டயர் அதிகமாக நசுங்குவதால் அதிகமாகச் சூடேறுகிறது. ரப்பரையும் அதற்குள் இருக்கும் எஃகு இழைப் பட்டைகளையும் ஒட்டிவைத்திருக்கும் பிணைப்பு அந்தச் சூட்டில் தளர்கிறது. பெட்ரோல் செலவும் கூடுகிறது.

இந்தப் பாடத்தை அமெரிக்கா பெரும் விலை கொடுத்துக் கற்றது. ஃபோர்டு நிறுவனத்தின் எக்ஸ்புளோரர் என்னும் உயரமான வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பொருத்தப்பட்டிருந்தன. 1990களில் வேகமாக ஓடும்போதே இந்த டயர்களின் மேற்பட்டை பிய்ந்து கழன்று, வண்டிகள் கவிழ்ந்தன. 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அந்த வண்டிக்கு ஃபோர்டு பரிந்துரைத்த அழுத்தம் 26 பவுண்டு. அது போதாது, 30 வேண்டும் என்றது டயர் நிறுவனம். வண்டியின் அமைப்பே கோளாறு என்று ஒருவரும், டயரே கோளாறு என்று மற்றவரும் மாறி மாறிக் குற்றம் சாட்டினர். டயரின் அமைப்பு, கோடை வெப்பம், வேகம், குறைந்த காற்று எல்லாம் ஒன்றுகூடியதால் வந்த வினை அது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி 2005 முதல் படிப்படியாகப் புகுத்தப்பட்டு, 2007 செப்டம்பருக்குள் புதிய கார்கள் அனைத்துக்கும் கட்டாயமாயிற்று.

கருவி இதற்கு முன்பே இருந்தது. 1986இல் ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் தன் 959 என்ற காரில் அதைப் பொருத்தியிருந்தது. ஆனால் அது செல்வர்களின் கார்.

கண்காணிப்பதில் இரண்டு முறைகள் உள்ளன. முதல் முறையில், ஒவ்வொரு சக்கரத்தினுள்ளும் வால்வை ஒட்டி ஒரு சிறு உணர்கருவி இருக்கும். அதில் மிக மெல்லிய சிலிக்கான் தகடு ஒன்று உண்டு. காற்றழுத்தத்துக்கு ஏற்ப அது வளைகிறது; வளைவதால் அதன் மின்தடை மாறுகிறது. இந்த மாற்றத்தை அளந்து, ரேடியோ அலைகள்மூலம் காரினுள் இருக்கும் கணிப்பொறிக்கு அனுப்புகிறார்கள். ஐரோப்பாவில் இதற்கு 433 மெகாஹெர்ட்ஸ் அலைகளும் அமெரிக்காவில் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ் அலைகளும் பயன்படுகின்றன. பக்கத்தில் செல்லும் காரின் செய்தியோடு குழம்பாமல் இருக்க, ஒவ்வோர் உணர்கருவிக்கும் தனி எண் உண்டு. (அந்தச் செய்தியைச் சுமார் 40 மீட்டர் தொலைவிலிருந்து ஒட்டுக்கேட்கவும், பொய்ச் செய்தி அனுப்பி விளக்கை எரியவைக்கவும் முடியும் என்று 2010இல் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள்!)

இந்தச் சிறு கருவி படும் பாட்டை எண்ணிப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், சக்கரத்தின் மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் பொருளுக்கு, புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 67 மடங்கு முடுக்கம் ஏற்படுகிறது. 30 கிராம் கருவி 2 கிலோகிராம்போல் கனக்கும். வேகம் இருமடங்கானால் இந்தக் கனம் நான்கு மடங்காகும். 120 கிலோமீட்டரில் 8 கிலோகிராம்! இதே விளைவைக் கொண்டுதான் வண்டி ஓடுகிறதா, நிற்கிறதா என்று கருவி அறிகிறது. நிற்கும்போது தூங்கி மின்கலத்தை மிச்சப்படுத்துகிறது. ஆயினும் சில ஆண்டுகளில் மின்கலம் தீரும். அப்போது பெரும்பாலும் உணர்கருவியையே மாற்றவேண்டும். இது செலவு பிடிக்கும் வேலைதான்.

இரண்டாவது முறை மலிவானது. சக்கரத்துக்குள் எதுவும் வைப்பதில்லை. பிரேக் போடும்போது சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக, ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் அளக்கும் அமைப்பு ஏற்கெனவே கார்களில் உள்ளது. காற்று குறைந்த டயரின் பயன்படு ஆரம் சிறிதே சுருங்குகிறது. எனவே அது மற்ற டயர்களைவிடச் சற்று வேகமாகச் சுற்றவேண்டியிருக்கிறது. வேறுபாடு மிகச் சிறியது. ஆனால் நெடுந்தூரம் எண்ணிக்கொண்டே வந்தால் வெளிப்பட்டுவிடும். வளைவில் திரும்பும்போதும் வெளிப்புறச் சக்கரங்கள் வேகமாகச் சுற்றுமே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அதனால்தான் எதிரெதிர் மூலைகளில் உள்ள சக்கரங்களைச் சோடி சேர்த்து ஒப்பிடுகிறார்கள். இம்முறையின் பலவீனம் வேறோர் இடத்தில் உள்ளது. நான்கு டயர்களிலும் ஒரே அளவாகக் காற்று குறைந்தால், ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இராது. அண்மைக்காலக் கருவிகள் சக்கரத்தின் அதிர்வுகளையும் ஆராய்ந்து இக்குறையை ஓரளவு போக்குகின்றன.

இனி நம் கேள்விக்கு வருவோம். தேவைதானா? இன்றைய ரேடியல் டயர்களின் பக்கச்சுவர், சரியான காற்று இருக்கும்போதே சற்றுப் பிதுங்கி நிற்கும். ஆகவே 33 பவுண்டு டயரையும் 25 பவுண்டு டயரையும் பக்கத்தில் வைத்தாலும் கண்ணால் பிரித்தறிவது எளிதன்று. ஆணி குத்தி மெல்லக் காற்று கசியும் டயரோடு நெடுஞ்சாலையில் பறப்பவருக்கு இந்த விளக்கு உயிர்காக்கும் துணை. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2012இல் வெளியிட்ட ஆய்வில், கருவி பொருத்திய வண்டிகளில் மிகக் குறைந்த காற்றோடு ஓடுபவை பாதிக்கு மேல் குறைந்திருந்தன. எனவே தேவையில்லை என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் விளக்கு எரியவில்லை என்பதால் காற்று சரியாக இருக்கிறது என்று நினைப்பது தவறு. அமெரிக்கச் சட்டப்படி, அழுத்தம் கால் பங்கு குறைந்த பிறகு விளக்கு எரிந்தால் போதும். 33 பவுண்டு வேண்டிய டயர் 26க்கு இறங்கினாலும் விளக்கு மௌனமாக இருக்கலாம். டயர் திடீரென்று வெடித்தால் எச்சரிக்கவும் அதற்கு நேரம் இராது. துளை எதுவும் இல்லாமலே ரப்பரின் வழியாக மாதம் 1 அல்லது 2 பவுண்டு காற்று கசிந்துவிடும். ஆகவே மாதம் ஒருமுறையாவது அழுத்தமானியால் அளக்கத்தான் வேண்டும்.

எப்போது அளப்பது? காலையில், வண்டியை எடுக்கும் முன். காரணம் உங்கள் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது. மானி 32 பவுண்டு காட்டினால், வெளிக்காற்றின் 14.7 பவுண்டையும் சேர்த்து டயரினுள் மொத்த அழுத்தம் 46.7. வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸ், அதாவது 300 கெல்வின். ஓடிச் சூடேறி 57 டிகிரியானால் 330 கெல்வின். அழுத்தம் பத்தில் ஒரு பங்கு உயர்ந்து 51.4 ஆகும். மானி 36.7 காட்டும். இதைப் பார்த்துவிட்டுக் காற்றைத் திறந்துவிடுபவர் உண்டு. மறுநாள் காலை டயர் குளிர்ந்ததும் 28க்குக் கீழே நிற்கும்!

மலையேறினால் இன்னொரு வேடிக்கை. சென்னையில் 35 டிகிரி வெயிலில் 32 பவுண்டு நிரப்பிய டயர், உதகையின் 5 டிகிரிக் குளிரில் மொத்த அழுத்தம் 42.1ஆகக் குறையும். வெளிக்காற்று அங்கும் 14.7 ஆக இருந்தால் மானி 27.4 காட்டவேண்டும். ஆனால் 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 11.2 பவுண்டுதான். மானி காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாடு என்பதால், 30.9 காட்டும். குளிர் குறைத்ததில் பெரும்பங்கை உயரம் ஈடுகட்டிவிடுகிறது.

நம் நாட்டில் 2020 அக்டோபர் முதல், டியூப் இல்லாத டயர்களும் இந்தக் கருவியும் பஞ்சர் ஒட்டும் சாதனமும் உள்ள 3.5 டன்னுக்கு உட்பட்ட வண்டிகள் உபரிச் சக்கரம் வைத்திருக்க வேண்டியதில்லை என்று விதி திருத்தப்பட்டது. உங்கள் வீட்டு வண்டிக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பது, கார் என்றால் பெரும்பாலும் ஓட்டுநர் கதவைத் திறந்தவுடன் தெரியும் ஒட்டுச்சீட்டில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் பொறித்துள்ள எண்ணை நம்பி நிரப்பிவிடாதீர்கள். அது அந்த டயர் தாங்கும் மேல் வரம்பைக் குறிப்பது.