மழைக்கால நத்தையும் வீட்டுப் பிள்ளைகளும்

மழை விட்ட மறுநாள் காலையில் பிள்ளைகள் உள்ளங்கையில் நத்தையை ஏந்திக்கொண்டு வீட்டுக்குள் நுழைவதும், "சீ, வெளியே போடு" என்று பெரியவர்கள் அதட்டுவதும் நம் பகுதியில் புதிதல்ல. வேறு சில வீடுகளில் நத்தையின் மீது உப்பைக் கொட்டி, அது நுரைத்துச் சாவதைப் பிள்ளைக்கு வேடிக்கை காட்டுவார்கள். இரண்டும் தேவையற்றவை. நாயோ பூனையோ வளர்க்க இடமில்லாத வீட்டிலும், பெற்றோரில் ஒருவர் நோயுற்றிருப்பதால் வெளியே செல்ல வாய்ப்பற்ற வீட்டிலும், சில நாள்கள் நத்தையைப் பேணுவது ஒரு குழந்தைக்கு நல்ல துணை. ஆயினும் நான் தொற்றுநோய்ப் பிரிவு மருத்துவர். ஆகவே நத்தையால் வரக்கூடிய ஒரு நோயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அச்சம் தேவையில்லை, அறிந்திருந்தால் போதும்.

அந்நோய்க்குக் காரணம் எலி நுரையீரல் புழு. 1935-இல் சீனாவின் கான்டன் நகரில் எலிகளிடம் இப்புழு முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பத்து ஆண்டுகள் கழித்துத் தைவானில் மனிதரிடமும் பதிவாயிற்று. முதிர்ந்த புழு எலியின் நுரையீரல் தமனிகளில் வாழ்கிறது. அதன் இளம்புழுக்கள் எலியின் எச்சத்தோடு மண்ணில் விழுகின்றன. அந்த எச்சத்தை மேயும் நத்தையின் உடலுக்குள் ஏறத்தாழ இரண்டு வாரம் வளர்ந்து, அடுத்த எலிக்காகக் காத்திருக்கின்றன. நாம் அந்தச் சுழற்சியில் தற்செயலாக நுழைபவர்கள். மனித உடலில் அப்புழுவால் முழு வாழ்க்கை வாழ முடியாது. வழிதவறி மூளைக்குச் சென்று அங்கேயே மடிகிறது. மடியும் புழுவை எதிர்த்து உடல் எழுப்பும் அழற்சியே மூளை உறைக் காய்ச்சலாக வெளிப்படுகிறது. முதுகுத்தண்டிலிருந்து எடுக்கும் நீரில் இயோசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள் மிகுந்திருப்பதே இதன் அடையாளம். கேரளத்தின் கொச்சியிலிருந்து இத்தகைய நோயாளிகளைப் பற்றிய தொகுப்பு மருத்துவ இதழில் வெளிவந்துள்ளது. ஆகவே இதை எங்கோ தொலைதூரத் தீவு ஒன்றின் நோய் என்று ஒதுக்கிவிட முடியாது.

இங்கே பெற்றோர் மனத்தில் இருத்த வேண்டியது ஒன்று: இப்புழு நுழையும் வழி வாய். நத்தை கையில் ஊர்ந்ததால் மட்டும் நோய் வந்துவிடாது. நத்தையைத் தொட்ட விரலைச் சப்புவதும், தவழும் குழந்தை சிறு நத்தையை எடுத்து விழுங்குவதும், கழுவாத கீரையில் ஒட்டியிருந்த குட்டி நத்தையை அறியாமல் உண்பதும்தான் ஆபத்து. எனவே ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை, பெரியவர் அருகில் இல்லாமல் நத்தையோடு இருக்கலாகாது. கைக்குழந்தை உள்ள வீட்டில் நத்தைப் பெட்டி தரையில் இருக்கக் கூடாது. தொட்ட பிறகு சோப்பும் ஓடும் நீரும் கொண்டு, நகக்கண் உட்பட, கை கழுவ வேண்டும். சானிடைசர் இதற்குப் போதாது. சளியையும் மண்ணையும் அது அகற்றுவதில்லை.

இனித் தேடும் முறை. ஆடி, ஆவணி மழையிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் விடியற்காலையோ அந்தி சாய்ந்த பிறகோ செல்லலாம். பூந்தொட்டியின் அடிப்பகுதி, வாழைமட்டை, ஈரச்சுவர், உதிர்ந்த இலைக்குவியல் ஆகியவை நல்ல இடங்கள். ஒரு சாக்கை நனைத்து, அதன் கீழே பப்பாளி இலையை வைத்து இரவு முழுதும் விட்டால் காலையில் அவையே வந்து சேர்ந்திருக்கும். இலைக்குவியலுக்குள் பிள்ளையின் கையை விட வேண்டாம். தேளும் பாம்பும் மழைக்குப் பிறகு அதே ஈரத்தைத்தான் நாடுகின்றன. குச்சியால் விலக்கிப் பார்த்தபின் எடுக்கலாம். எலி வளைக்கும் குப்பைமேட்டுக்கும் அருகில் உள்ளவற்றை விட்டுவிட வேண்டும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரத்தாருக்கு மேலும் ஒரு சொல். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் ஓடிய வாய்க்கால் ஓரத்திலும், தோல் கழிவு கொட்டிய நிலத்திலும் பிள்ளைகளைத் தேட விடாதீர்கள். அவ்வாலைக் கழிவில் உப்பும் குரோமியமும் இருப்பதும், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பு வழங்கியதும் ஊரறிந்த செய்தி. உப்பேறிய மண்ணில் நத்தை பிழைப்பது அரிது. ஆகையால் அங்கே கிடைக்கப்போவதும் பெரிதாக ஒன்றுமில்லை. பிள்ளையின் நகக்கண்ணில் சேரும் மண்தான் மிச்சம்.

பிடித்த நத்தை எது என்று பார்ப்பது அவசியம். தட்டையாகச் சுருண்ட வெளிர் பழுப்பு ஓட்டுடன் தோட்டங்களில் திரிவன நம் மண்ணின் சிறு நத்தைகள். நீண்டு கூம்பிய ஓட்டில் பழுப்புக் கீற்றுகளோடு, வளர்ந்தால் கைமுட்டி அளவுக்கு இருப்பது ஆப்பிரிக்கப் பெருநத்தை. இதை வளர்க்கவே கூடாது. 1847-இல் பென்சன் என்ற ஆங்கிலேயர் மொரீசியசிலிருந்து சில நத்தைகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அவை அங்கிருந்த ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. இந்தியாவில் இந்த இனம் பரவியது அப்படித்தான். 1966-இல் ஹவாய்த் தீவுக்குச் சென்று திரும்பிய ஒரு சிறுவன் மூன்று நத்தைகளை அமெரிக்காவின் மயாமி நகருக்குக் கொண்டுபோனான். அவனுடைய பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டுவிட்டார். ஏழே ஆண்டுகளில் அவை 18,000-க்கும் மேல் பெருகின. அவற்றை ஒழித்து முடிக்க அந்த அரசு 1975 வரை பாடுபட்டது. பாட்டியைக் குறை சொல்வதற்கில்லை. உயிரைக் கொல்ல மனம் வராதவர் செய்யும் செயலைத்தான் அவரும் செய்தார். பெருநத்தையைக் கண்டால் வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறை அணிந்து எடுத்து, அடர்ந்த உப்புக் கரைசலில் இட்டுக் கொன்று, ஆழப் புதையுங்கள். மேலே உப்பைக் குறை கூறிய நானே இப்படிச் சொல்வது முரணாகத் தோன்றும். ஆனால் வேடிக்கைக்காகக் கொல்வதும் இதுவும் ஒன்றல்ல. இவ்வேலையைப் பெரியவர் மட்டும் செய்ய வேண்டும்.

சிறு நத்தையைப் பேணுவது எளிது. அகன்ற கண்ணாடிப் புட்டியோ பிளாஸ்டிக் டப்பாவோ போதும். மூடியில் சிறு துளைகள் வேண்டும். நான்கு விரற்கடை உயரத்துக்கு ஈரமண்ணோ தென்னைநார்த் தூளோ பரப்பி, மேலே இரண்டு காய்ந்த இலைகளை இட்டு, நிழலில் வையுங்கள். நாளுக்கு ஒருமுறை நீர் தெளித்தால் போதும், தேங்கக் கூடாது. உணவாக வெள்ளரி, பூசணி, கேரட், கழுவிய கீரை தரலாம். உப்புச் சேர்ந்த எதுவும் ஆகாது. எஞ்சியதை மறுநாளே அகற்றிவிட வேண்டும்.

ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்து தேவை. முட்டை ஓட்டைக் கழுவி, காயவைத்து, பொடித்துத் தூவுங்கள். ஆலையில் தோலின் மயிர் நீக்கப் பயன்படும் நீற்றுச் சுண்ணாம்பையோ வெற்றிலைச் சுண்ணாம்பையோ இட்டுவிடாதீர்கள். முட்டை ஓட்டில் இருப்பது கால்சியம் கார்பனேட். நீற்றிய சுண்ணாம்பு கடுங்காரம். அது நத்தையின் ஈரத்தோலை வேகவைத்துவிடும். பிள்ளையின் கண்ணில் பட்டால் கருவிழியையே கெடுக்கும். கண்ணில் சுண்ணாம்பு தெறித்தால், மருத்துவமனைக்குக் கிளம்புமுன் குறைந்தது அரை மணி நேரம் ஓடும் நீரில் கண்ணைக் கழுவ வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நத்தையைக் கண்ணாடியில் ஊரவிட்டு மறுபக்கத்திலிருந்து பார்த்தால், அதன் அடிப்பாதத்தில் அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவது தெரியும். நீண்ட இரு கொம்புகளின் நுனியில் கண்கள் உள்ளன. கீழுள்ள சிறு கொம்புகள் முகர்வதற்கானவை. ஓட்டின் விளிம்பருகே ஒரு துளை மெதுவாகத் திறந்து மூடும். அது மூச்சுத் துளை. அது ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை திறக்கிறது என்று எண்ணச் சொன்னால், துறுதுறுவென்று ஓடும் பிள்ளையும் அசையாமல் உட்கார்ந்துவிடும். ஒட்டியிருக்கும் நத்தையை ஓட்டைப் பிடித்து இழுக்காமல், நீர் தெளித்து மெல்ல நகர்த்தி எடுக்கக் கற்றுக்கொடுங்கள். கோடையில் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு உறங்கும் நத்தையை எழுப்ப வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் வைத்திருக்காமல், எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். வேறு ஊரில் விடாதீர்கள்.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர், நீண்ட நாள் ஸ்டீராய்டு உண்பவர் உள்ள வீட்டில் அவரது அறைக்குள் இப்பெட்டி செல்லலாகாது. இங்கே நத்தையைவிட ஈரமண்ணில் வளரும் பூஞ்சையே முதல் கவலை. மண் மாற்றும் வேலையை உடல்நலமுள்ள வேறொருவர் செய்யட்டும். சிகிச்சைக்காக வேலூருக்கு வந்து விடுதி அறையில் மாதக்கணக்கில் தங்கியிருக்கும் குடும்பங்கள், அந்த ஒற்றை அறையில் நத்தை வளர்க்க வேண்டாம். மழை நின்ற காலையில் தோட்டத்திலேயே பார்த்துவிட்டு வருவது போதும்.

மூலத்துக்கும் இளைப்புக்கும் நத்தைக்கறி நல்லது என்று வெளிநோயாளர் பிரிவில் பலர் கூறக் கேட்கிறேன். அதை மருந்தென்று நான் ஏற்கவில்லை. உணவாக உண்பவர் நன்கு கொதிக்கவைத்து, முழுவதும் வெந்தபின் உண்ணட்டும். பச்சையாக விழுங்குவதும், பச்சை உடும்பு இரத்தம் குடிப்பதும் மேற்சொன்ன புழுவை நேரே அழைப்பதாகும்.

பிள்ளை நத்தையை வாயிலிட்டு விழுங்கிவிட்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். கடையில் பூச்சி மாத்திரை வாங்கி நீங்களாகக் கொடுக்காதீர்கள். மூளைக்குச் சென்றுவிட்ட புழு மருந்தால் மடியும்போது அழற்சி கூடக்கூடும். எப்போது, எதனோடு சேர்த்துக் கொடுப்பது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் அறிகுறி தோன்றும். கடும் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, தோலில் எரிச்சல் அல்லது ஊசி குத்தும் உணர்வு ஆகியவை பெரியவர்களிடம் காணப்படும். சிறு குழந்தையிடம் காய்ச்சல், ஓயாத அழுகை, வாந்தி, அளவுமீறிய உறக்கம் எனத் தென்படலாம். உரிய சிகிச்சையால் பெரும்பாலோர் குணமடைகின்றனர்; இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. காய்ச்சலோடு வரும் பிள்ளை கடந்த மாதம் நத்தையோடு விளையாடியதை நாங்கள் கேட்காமல் போனாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். எந்தச் சோதனையை முதலில் செய்வது என்பதை அந்த ஒரு செய்தியே மாற்றக்கூடும்.