வீட்டில் பாடம் சொல்ல பி.எட். வேண்டுமா?

பெங்களூரின் பிரேசர் டவுனுக்குப் பெயர் தந்தவர் ஒரு காலத்தில் அரண்மனை வாத்தியார். ஸ்டூவர்ட் பிரேசர் ஐ.சி.எஸ். அதிகாரி. கோலாப்பூரின் சாகு மகாராஜாவுக்கு இளமையில் பாடம் சொன்னவர். 1896-ல் மைசூரின் சிறுவயது மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு ஆசிரியராகவும் பாதுகாவலராகவும் அமர்த்தப்பட்டார். பிற்பாடு மைசூர் ரெசிடென்ட் ஆனார். 1898 பிளேக்குக்குப் பின் காற்றோட்டமாகத் திட்டமிட்டுக் கட்டிய இந்தப் பேட்டைக்கு 1910-ல் அவர் பெயரை வைத்தார்கள். அரசுப் பதிவில் இன்று இது புலிகேசி நகர். ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால் ஒரு கணம் யோசிப்பார்.

மகாராஜாவுக்குப் பாடம் சொல்ல ஐ.சி.எஸ். போதுமானதாக இருந்தது. இன்று இதே பேட்டையின் மாஸ்க் ரோடு அடுக்ககத்தில் தன் பிள்ளைக்குத் தானே சொல்லித்தர நினைக்கும் அம்மாவுக்கு மட்டும், “நான் வெறும் பி.காம். ஆச்சே” என்ற தயக்கம் விடுவதில்லை.

சட்டப்படி அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. பெற்றோர் இன்ன பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்று இந்தியாவில் எந்த மத்தியச் சட்டமும் சொல்லவில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 23-ஆம் பிரிவு ஆசிரியர் தகுதியைப் பேசுகிறது. தகுதித் தேர்வான ‘டெட்’ அதிலிருந்து வந்ததுதான். ஆனால் அது பள்ளி ஆசிரியர்களுக்கானது. அங்கேயும் நிலைமை அவ்வளவு கச்சிதமாக இல்லை. பயிற்சி பெறாமலே பணியில் இருந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்காக 2017-ல் சட்டத்தையே திருத்தி, 2019 மார்ச் வரை அவகாசம் தர வேண்டியிருந்தது. ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் டெட் தேறியே ஆக வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும், தமிழ்நாட்டில் ஆசிரியர் சங்கங்கள் பதறியது நினைவிருக்கும்.

பி.எட். படிப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகளை ஒரே அறையில் உட்காரவைத்து, பின்பெஞ்சுக்கும் புரியும்படி நடத்துவது தனி வித்தை. ஒற்றைப் பிள்ளைக்கு அந்த வித்தை அவ்வளவாகத் தேவைப்படாது. எங்கே தடுக்குகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப் பொறுமை வேண்டும்.

உண்மையான சிக்கல் அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவில் இருக்கிறது. 6 முதல் 14 வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அது. மீறினால் என்ன தண்டனை என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. 2012-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கில், வீட்டுக்கல்விக்கு இச்சட்டம் குறுக்கே நிற்காது என்று மத்திய அரசு பிரமாணப் பத்திரம் கொடுத்தது, பிறகு பின்வாங்கியது. ஆகவே வீட்டுக்கல்வி இங்கே தடைசெய்யப்பட்டதுமில்லை, வெளிப்படையாக அனுமதிக்கப்பட்டதுமில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் சட்டத்துக்குப் பல் உண்டு. நாலைந்து வீட்டுப் பிள்ளைகளை மொட்டைமாடி அறையில் சேர்த்து, ஆள் வைத்து, மாதக் கட்டணம் வாங்கத் தொடங்கினால் அது அங்கீகாரமில்லாத பள்ளி என்று கருதப்படக்கூடும். 18-ஆம் பிரிவின்படி அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகலாம். அதற்கு மேலும் நடத்தினால் நாளுக்குப் பத்தாயிரம்.

வெளிநாட்டில் ஊருக்கு ஊர் வேறு. தமிழர் நிறைந்த கனடாவின் ஒன்டாரியோவில் பெற்றோருக்கு ஆசிரியர் சான்றிதழ் தேவையில்லை. பள்ளி வாரியத்துக்குக் கடிதம் கொடுத்தால் போதும். சிங்கப்பூரில் அமைச்சகத்திடம் விலக்கு வாங்க வேண்டும், பிள்ளை தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வும் எழுத வேண்டும். ஜெர்மனியில் பேச்சுக்கே இடமில்லை.

நம் ஊரில் பிள்ளைக்குச் சான்றிதழ் தர தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனமான என்.ஐ.ஓ.எஸ். இருக்கிறது. 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதியலாம். வயதுச் சான்றும் அடையாளமும் கேட்பார்கள். பாடம் சொன்னது யார், என்ன படித்தவர் என்று கேட்க மாட்டார்கள். ஐந்து பாடம், அதில் ஒரு மொழியாவது வேண்டும், தமிழையே எடுக்கலாம். அறிவியல் எடுத்தால்தான் கை பிசைய வேண்டிவரும். செய்முறைச் சோதனைக்கான கைப்பழக்கம் சமையலறை மேடையில் வராது. அதற்கு ஒதுக்கப்பட்ட படிப்பு மையத்தின் ஆய்வகத்தைத்தான் நம்ப வேண்டும்.

இடையிலேயே பள்ளிக்குத் திரும்ப நினைத்தால், கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு வயதுக்கேற்ற வகுப்பில் சேர உரிமை தருகிறது. ஆனால் கர்நாடகத்தில் 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பள்ளிகளில் கன்னடம் கட்டாயம். வீட்டில் தமிழும் புத்தகத்தில் ஆங்கிலமுமாக வளர்ந்த பிரேசர் டவுன் பிள்ளை அங்கேதான் திணறும். அம்மாவுக்கு பி.எட். இருந்தாலும் இதற்கு உதவாது. எதிர்வீட்டுக் கன்னட அக்காவிடம் வாரம் இரண்டு மாலை அனுப்பி, எழுத்தை இப்போதே தொடங்கிவிடுவது நல்லது.