வேடரும் மாணவர் தொண்டும்

தொலைநாட்டுப் பழங்குடிகளின் நலனுக்காக மாணவர் பொருள் திரட்டுவதும், நேரிற் சென்று தொண்டாற்றுவதும் உலகெங்கும் காணப்படும் நன்முயற்சிகளாம். ஆயின், கிளிவெட்டிக்குத் தெற்கே வெருகல், வாகரைப் பகுதிகளில் வாழும் கரையோர வேடர் நமக்கு அயலவரன்றோ?

செலிக்மன் தம்பதியர் 1911 ஆம் ஆண்டில் வெளியிட்ட வேடர் பற்றிய ஆங்கில நூல் இவர்களையும் ஆராய்ந்துள்ளது. மீன்பிடித்தலும் தேனெடுத்தலும் சேனைப் பயிர்ச்செய்கையும் இவர்தம் தொழில்கள், பேசுமொழி தமிழ். மொழியும் வழிபாடும் நம்மோடு ஒன்றியமையால் இவர்தம் தனித்தன்மை நமக்குப் புலப்படாது போயிற்று. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் 2006 ஆம் ஆண்டின் போரும் இப்பகுதி மக்களை இடம்பெயரச் செய்தன.

பழந்துணியும் அரிசியும் வழங்கிப் படம்பிடித்து மீள்வது தொண்டாகாது. பழங்குடியினரைப் பாதிக்கும் சட்டங்களை இயற்றுமுன் அவர்தம் இசைவைப் பெறுதல் வேண்டுமென 2007 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் பிரகடனம் கூறுகின்றது. இலங்கையும் அதனை ஆதரித்து வாக்களித்தது. அந்நெறி மாணவர்க்கும் பொருந்தும். முதற்கண் வேடருள் மூத்தோரை அணுகிக் கேட்டல் வேண்டும். அவர்கள் வேண்டுவது பிள்ளைகளுக்கு மாலை வகுப்பாகவோ, காணி உறுதிக்கு விண்ணப்பம் எழுதும் உதவியாகவோ இருக்கலாம். திரட்டிய பொருளின் கணக்கையும் அவர்கள்முன் வைத்தல் கடன். கேளாது கொடுப்பது கொடுப்போர் பெருமையையே வளர்க்கும். கேட்டறிந்து செய்வதே தொண்டு.