தண்ணீர் பிடிக்கும் தூள், தண்ணீர் கேட்கும் தொழில்

தேங்காய் மட்டையை அடித்துப் பிரித்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் தும்பு. மற்றதெல்லாம் பழுப்பு நிறத் தூள். நார் மில்களின் வாசலில் மலையாகக் குவிந்து, ‘யாராவது அள்ளிக்கொண்டு போனால் போதும்’ என்று கிடந்த அந்தக் கழிவுக்கு இன்று கப்பல் காத்திருக்கிறது. 2020-21இல் இந்தியாவின் கயிறுப் பொருள் ஏற்றுமதி சுமார் 3,779 கோடி ரூபாய். அதில் முதலிடம் இந்தத் தூளுக்குத்தான்.

வெளிநாட்டுத் தோட்டக்காரர்கள் நீண்ட காலமாகச் செடி வளர்க்கப் பயன்படுத்தியது ‘பீட்’ எனும் சதுப்புநில மட்கு. அது ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் சேர்கிறது. உலக நிலப்பரப்பில் 3 சதவீதமே உள்ள இந்தச் சதுப்புகளில், எல்லாக் காடுகளின் மரஞ்செடிகளிலும் இருப்பதைவிட அதிகக் கார்பன் உறங்குகிறது. தோண்டினால் அது காற்றில் கலக்கும். எனவே மாற்று தேடியவர்கள் தென்னைக்கு வந்தார்கள். தூளின் ஒவ்வொரு துகளும் நுண்துளைகள் நிறைந்த பஞ்சு. தன் எடையைப் போல் பல மடங்கு நீரைப் பிடித்துக்கொண்டு, வேருக்குக் காற்றையும் விட்டுவைக்கும். அழுத்தி 5 கிலோ கட்டியாக்கினால் கப்பலில் இடமும் மிச்சம்.

ஆனால் பச்சைத் தூளில் உப்பு அதிகம். பொட்டாசியம், சோடியம், குளோரைடு மூன்றும் மட்டையோடே வருபவை. கரைந்த உப்பைக் காட்டும் ‘இ.சி.’ அளவு சென்டிமீட்டருக்கு 0.5 மில்லி சீமென்சுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பல வாங்குவோரின் நிபந்தனை. அதற்குத் திரும்பத் திரும்ப அலச வேண்டும். அலசினாலும் துகளின் பரப்பில் ஒட்டிய சோடியமும் பொட்டாசியமும் எளிதில் விடுவதில்லை. கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்தால், கால்சியம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு அவற்றை வெளியே தள்ளும். பிறகு மீண்டும் ஓர் அலசல்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் இத்தொழிலைத் தொடங்கினால் சிக்கல் இந்த அலசலில்தான். மற்றவை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். மேற்கே ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தென்னந்தோப்புகள். உலர்த்த விரிந்த களமும் வெயிலும். ஊரை ஒட்டியே தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் நான்குவழிச் சாலை. இல்லாதது நல்ல தண்ணீர். மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போகும். பல கிணறுகளில் ஊறுவது உவர்நீர். உவர்நீரில் அலசிய தூளில் உப்பு எப்படிக் குறையும்? அலசிய கழிவுநீரை நிலத்தில் விட்டால், உப்போடு சாயம் போன்ற பினால் பொருட்களும் கிணற்றில் இறங்கும். இத்தொழில் பெருகிய பொள்ளாச்சிப் பகுதியில் இந்தப் புகார் எழுந்தது. 2021இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இத்தொழிலை மாசு குறைந்த தொழில்களின் ‘வெள்ளை’ப் பட்டியலிலிருந்து, மாசு கூடியவற்றின் ‘ஆரஞ்சு’க்கு மாற்றியது.

அதற்காகத் தூளை வேண்டாம் என்று ஒதுக்கவும் முடியாது. மானாவாரி மண்ணுக்கு ஈரம் பிடித்துவைக்கும் எதுவும் செல்வம்தான். பச்சையாகப் போட்டால் கெடுதல்: தூளில் கார்பனும் நைட்ரஜனும் 112க்கு 1 என்ற விகிதத்தில் இருப்பதால், அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் பயிருக்கான நைட்ரஜனைத் தின்றுவிடும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் தரும் வழி எளிது. ஒரு டன் தூளுக்கு 5 கிலோ யூரியா, ஐந்து புட்டி சிப்பிக் காளான் வித்து. நிழலில் அடுக்கடுக்காகப் பரப்பி ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு மாதத்தில் மட்கிவிடும். காளான் சுரக்கும் நொதிகள், எளிதில் மட்காத லிக்னினை 30 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவருகின்றன. விகிதம் 24க்கு 1 ஆகிறது. கரிசலானாலும் செவலானாலும் உழவுக்கு முன் இடலாம். மல்லிகைப் பாத்திக்கும் ஏற்றது.

ஆகவே இந்த வட்டாரம் பொள்ளாச்சியைப் பார்த்து அப்படியே நகல் எடுக்கக் கூடாது. ஆழ்துளைக் கிணறு போட்டு அலசும் தொழில் இங்கே கட்டுபடியாகாது. அலசாத தூளை உலர்த்திக் கட்டியாக்கலாம். அலசித்தான் ஆகவேண்டும் என்றால் கசியாத தரை போட்டு, வடகிழக்குப் பருவமழையில் நனையவிட்டு, வடியும் நீரைத் தொட்டியில் பிடிக்கலாம். ஒரு பங்கையாவது மட்கவைத்துச் சொந்த நிலத்துக்குப் போடுங்கள். அடுத்த நாட்டுத் தக்காளிக்கு ஈரம் அனுப்பும் ஊர், முதலில் தன் மண்ணை நனைத்துக்கொள்வதே கணக்கு.